மாப்பிள்ளையின் நடத்தைக் குறிப்பேடு

எங்கள் ஊர் வாலிபர் சங்கம் சேலத்து ஜில்லா சங்கத்தோடு சேர்ந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. தீர்மானப் புத்தகத்தில் வேறு ஐந்து காரணங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவன் நான்தான். விளக்குப் பேச்சு வந்த பிறகுதான் கைகள் உயர்ந்தன என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. முப்பதுகளின் பிற்பாதி. எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு நூல் கடையில் குமாஸ்தா; கூடவே பட்டணத்துத் தினசரி ஒன்றுக்கு உள்ளூர் நிருபர். நான் அனுப்பிய முதல் செய்தியில் ‘பலர் வந்திருந்தனர்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ஒரு கார்டு போட்டார். அதில் இரண்டே வார்த்தைகள்: ‘எத்தனை பேர்?’ அன்றிலிருந்து எதையும் எண்ணாமல் என்னால் எழுத முடிந்ததில்லை.

சங்கத்தைத் தொடங்கியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தறியில் உட்காரப் பிடிக்காத பையன்கள் கோயமுத்தூர் மில்லுக்கு ஓடிப்போவதும், போன வேகத்தில் இளைத்துத் திரும்புவதும் அப்போது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒவ்வொருவனுக்கும் ஆறேழு வயது மூத்த ஒருவனைத் துணையாகச் சேர்த்து வைப்பது தபால்காரர் செய்த ஏற்பாடு. ஊர் அதை ‘ஜோடி போடறது’ என்று சொன்னது. மாட்டுக்குச் சொல்கிற வார்த்தைதான். மொத்தம் பதினான்கு ஜோடிகள்.

ஜோடி சந்திக்கிற இடம் பாவடி. தெருக்களுக்குப் பின்னால், புளியமரங்களின் கீழே நீண்டு கிடக்கும் வெளி அது. காலையில் அங்கே பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று பிரஷ் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். பாவுக்கு அந்தப் பக்கம் பையன், இந்தப் பக்கம் துணை. கண் நூலில் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால் பையன்கள் பேசினார்கள். வீட்டில் மூன்று வருஷம் கேட்டும் வராத சங்கதி, மூன்று நடையில் வந்துவிடும்.

விதிகள் மூன்று. ஒன்று, துணையாக இருப்பவன் பையனுக்கு மாமன் முறையாக இருக்க வேண்டும். அண்ணன் முறைக்காரனிடம் பணிவு காட்ட வேண்டும். மாமன் முறைக்காரனைக் கேலி செய்யலாம், அவனும் திருப்பிச் செய்வான். கேலி செய்ய முடியாத ஆளிடம் எவனும் நிஜத்தைச் சொல்வதில்லை என்பது தபால்காரரின் கட்சி. இரண்டு, பாவடியில் பேசியது பாவடியைத் தாண்டக் கூடாது. முப்பது வருஷம் ஊர்க் கடிதங்களைப் பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் போட்ட விதி அது. மூன்று, பையன் மூன்று தடவை கேட்டால் ஒழியப் புத்தி சொல்லக் கூடாது. என் அனுபவத்தில் எவனும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

எனக்கு ஜோடியாக வந்தவனுக்கு இருபத்தொரு வயது. நன்றாக நெய்வான், அதைவிட நன்றாக நடிப்பான். ஊரில் யார் எப்படி இருமுவார், எப்படி வெற்றிலை மடிப்பார் என்பதெல்லாம் அவனிடம் இருந்தது. அவனுடைய ஆசை ஒன்றே. எட்டுத் தறி வைத்திருந்த ஒருவருடைய ஒரே மகளைக் கட்ட வேண்டும். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, ஐந்தாவது வரை படித்தவள். அவளுக்கும் விருப்பம் என்பதற்கு அவன் சொன்ன சாட்சி, அவன் அந்தத் தெருவில் போகும்போது அவள் ஜன்னலைச் சாத்தவில்லை என்பது. பேச்சு தொடங்கிப் பாதியில் நின்றிருந்தது. எட்டுத்தறிக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம். “பையன் தொழில் செரி. நடத்தை எப்படின்னு தெரியலையே” என்பார். அதை யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. நான் அவனுடைய நடத்தையை எழுதி வைத்திருந்தேன்.

யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. அந்தக் கார்டு செய்த வேலை. பாவடியிலிருந்து திரும்பியதும் ஒரு கோடு போட்ட நோட்டில் கிழமை, மணி, அவன் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினால்தான் எனக்குக் காப்பி இறங்கும். இரண்டு வருஷத்தில் நாற்பத்திரண்டு பக்கம் ஆகியிருந்தது.

அமைப்பாளர் சேலத்திலிருந்து மோட்டாரில் வந்தார். ஜில்லா சங்கத்தில் பல ஊர்ச் சங்கங்களைச் சேர்த்து ஒரே முறையில் நடத்துவது அவர் பொறுப்பு. மூக்குக் கண்ணாடி, கதர்க் கோட்டு, கையில் ஒரு டைரி. பாவடியில் நின்று பதினான்கு ஜோடிகளும் நடப்பதைப் பதினைந்து நிமிஷம் பார்த்தார்.

“ரொம்ப நல்ல காரியம். இதுக்குப் பதிவேடு எங்கே?”

“பதிவேடுங்களா?” என்றார் தபால்காரர். “அது எதுக்குங்க? பசங்களும் இங்கதான் இருக்கறாங்க, நாங்களும் இங்கதான் இருக்கறோம்.”

அமைப்பாளரின் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எங்கள் ஊரில் எல்லாம் வாய்ப்பேச்சு என்று ஒரு சேலத்துக்காரர் நினைத்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் குறிப்பு வைத்திருக்கிறேன்” என்றேன். கடைக்கு ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார்.

“எத்தனை பக்கம்?”

“நாற்பத்திரண்டு.”

“இதுதான் முறை” என்று சொல்லித் தன் டைரியில் குறித்துக்கொண்டார். தபால்காரர் என்னைப் பார்த்தார். “நீ எழுதியா வெச்சிருக்கற?” என்றார். அவ்வளவுதான். 

மூன்று வாரம் கழித்து நீளக் கவர் வந்தது. விளக்கு அதற்கு முன்பே வந்துவிட்டதால் பின்வாங்க வழியில்லை. உத்தரவில் நான்கு விஷயங்கள் இருந்தன. துணை என்ற பெயர் இனி ‘வழிகாட்டி’. வழிகாட்டிகள் நாற்பது வயதுக்கு மேற்பட்ட, பொறுப்புள்ள குடும்பஸ்தர்களாக இருக்க வேண்டும். சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, சங்கக் கட்டடத்தில், பெஞ்சில். நாலாவது, பழைய துணைகள் தங்கள் குறிப்புகளைப் புதிய வழிகாட்டிகளிடம் பக்க எண்ணிக்கையோடு ஒப்படைக்க வேண்டும்.

மற்றப் பதின்மூன்று பேரும் ‘குறிப்பு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என் பெயருக்கு எதிரே சேலத்திலேயே ‘42 பக்கம்’ என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

யாருக்கு யார் வழிகாட்டி என்பதையும் அவர்களே தீர்மானித்து, அடுத்த வாரம் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். நாங்கள் பையன்களின் பெயரை ஒரு தாளிலும், வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்த பெரியவர்களின் பெயரை இன்னொரு தாளிலும் எழுதி அனுப்பியிருந்தோம். அங்கிருந்த குமாஸ்தா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று சேர்த்துவிட்டார். முறை, பகை, பேச்சுவார்த்தை எதுவும் அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷமாகப் பேசாத பங்காளிகள் நாலாவது வரியில் ஜோடியானார்கள். ஏழாவது வரியில், என் பையனுக்கு எதிரே, எட்டுத்தறிக்காரர் பெயர் இருந்தது.

மறுநாள் காலையில் பாவுக்கு அந்தப் பக்கம் நின்றவன் பிரஷ்ஷைத் தொடவே இல்லை.

“மாமா, நெசமாலுமே எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கறீங்களா?”

“எல்லாம் இல்லை, மாப்ளெ. முக்கியமானது மட்டும்.”

“பீடி?”

“எண்ணிக்கையோட.”

“நாமக்கல் சந்தைக்குப் போறன்னு ஊட்ல சொல்லிப்போட்டு சேவக்கட்டுக்குப் போனது?”

“சேவல் நிறம்கூட இருக்குது.”

“அவரெப் பத்திச் சொன்னது?”

அது பதினேழாம் பக்கம். வருங்கால மாமனாரைப் பற்றி அவன் நாலு உவமை சொல்லியிருந்தான். முகத்தைக் கஞ்சிப் பானைக்கு ஒப்பிட்டது அதில் மரியாதையானது. எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் அவர், பெண் கேட்டு வருகிறவனையும் சுரண்டிப் பார்த்துச் சாயம் போகிறதா என்று சோதிப்பார் என்றும் சொல்லியிருந்தான். நாலையும் வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன்.

“இருக்குது” என்றேன்.

அவன் பாவின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் அறுந்த இழையைத் தேடுவதுபோல இருந்தான். பிறகு, “கெணத்துல போட்டுருங்க மாமா” என்றான்.

“நாற்பத்திரண்டு பக்கம்னு அச்சடிச்சுட்டாங்க.”

“அப்ப நானும் கெணத்துல உளுந்தர்றேன். நாப்பத்திமூணுன்னு எழுதிக்குங்க.”

புது நோட்டு எழுதுவது என்று தீர்மானித்தோம். யோசனை அவனுடையது, ஒப்புக்கொண்ட குற்றம் என்னுடையது. கடை மூடியிருந்த ஒரு அமாவாசைப் பகலில் இருவரும் நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். பீடியை எடுத்தோம். சேவலை எடுத்தோம். அவன் சினிமா பார்க்கப் போன டென்ட் கொட்டகையை எடுத்தோம். பதினேழாம் பக்கத்தை முழுசாக எடுத்தோம். அவனுடைய நற்குணங்களை மட்டும் வரிசையாக எழுதியபோது, நாலு பக்கத்தில் முடிந்துவிட்டது.

“நாலு பக்கத்துக்கு மேல எனக்கு நல்லதே இல்லீங்களா?” என்றான்.

“பெரிய எழுத்தில் எழுதித்தான் நாலு.”

மழை பெய்த நாட்களைச் சேர்த்தோம். நூல் விலை ஏறியதைச் சேர்த்தோம். பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்துப் பார்த்தான். அதிகாலையில் எழுகிறான், குளிக்கிறான், பெரியவர்களை வணங்குகிறான், மழை பெய்கிறது, மறுபடி அதிகாலையில் எழுகிறான்.

“மாமா, இவனுக்கு நானே பொண்ணு குடுக்க மாட்டனுங்க.”

அப்போது கடையின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டுத்தறிக்காரர் வந்தார். உத்தரவு அவருக்கும் தனியாக வந்திருந்தது. வாங்க வேண்டியதை வாங்கிப் போக நேரில் வந்துவிட்டார். அவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மகள் எனக்கு மகள் முறை. அதனால் எழுந்து நின்றேன். பையன் ஏற்கனவே நின்றிருந்தான்; சுவரோடு சுவராக.

“ஏப்பா, ஏதோ நோட்டு இருக்குதாமா. அதெக் குடு.”

மேஜையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. நான் புதியதை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதன் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை சுரண்டினார். பிறகு பழையதைச் சுரண்டினார்.

“இது கை படாத சரக்கு. ரெண்டு வருசமா எழுதுனது இப்படியா இருக்கும்? நீ அவசரத்துல எதையோ எடுத்துக் குடுக்கற” என்று சொல்லிவிட்டுப் பழைய நோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டார். வாசலில் நின்று பையனைப் பார்த்து, “ஞாயித்துக்கெழம வாரேன் சாமி. பேசலாம்” என்றார்.



ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பதினான்கு பெஞ்சுகளில் பதினான்கு ஜோடிகள் உட்கார்ந்தார்கள். முகத்துக்கு முகம். ஐந்து மணி வரை யாரும் பேசவில்லை. வெளியே விளக்குக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பகலிலேயே ஒருவர் அதைப் பழகிக்கொண்டிருந்தார். பேசாத பங்காளிகள் நாலாவது பெஞ்சில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தங்கள் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கிளைச் செயலாளன் என்ற முறையில் நான் வருகையைக் குறித்துக்கொண்டு, ஏழாவது பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஐந்து மணிக்கு எட்டுத்தறிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“சாமி, எழுதத் தெரியாதவியளுக்கெல்லாம் கடுதாசி எழுதிக் குடுக்கறயாமே.”

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அப்படி ஒரு வரியை நான் எழுதவில்லை.

“ஆமாங்க” என்றான் ஜாக்கிரதையாக.

“நல்லது” என்று சொல்லி அவர் எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு, “சேவக்கட்டுக்குப் போனயாமா” என்றார். பையனின் காது சிவந்தது. “போயி, அடிபட்ட சேவலெ ஊட்டுக்குத் தூக்கியாந்து மஞ்சள் போட்டயாமா.”

மஞ்சள் போட்டது உண்மை. தோற்ற சேவலை அன்று மத்தியானமே குழம்பு வைத்துவிட்டார்கள் என்றும், மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்றும் அவன் சொன்னதை நான் பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

“போட்டனுங்க” என்றான்.

மூன்றாவது ஞாயிறு பதினேழாம் பக்கம் வந்தது. “என்னெயப் பத்திக்கூட ஒரு பக்கம் இருக்குது” என்று அவர் தொடங்கியபோது, நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டை மூடிவிட்டேன். “என்ற மின்னால நின்னா உனக்குப் பேச்சே வர மாட்டேங்குதாமே. நாலு தடவ சொல்லியிருக்கறயாமா. பயப்படாத சாமி. நானும் மனுசன்தான்.” அவர் சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அவர் திரும்பிப் போகும்போது நான் கூடவே நடந்தேன். “அண்ணா, என் எழுத்து உங்களுக்குப் புரியுதுங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கெங்கப்பா புரியுது. எறும்பு ஊர்ற மாதிரி எழுதி வெச்சிருக்கற. பொண்ணுதான் படிச்சுக் காட்டுது. வாரத்துல ரெண்டு நாளு, சோறு தின்னதும் ரெண்டு பக்கம். அதுவே சில எடத்துல நின்னு ரோசிச்சுத்தான் படிக்குது.”

மறுநாள் பாவடியில் இதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைப் பெஞ்சு வந்துவிட்டாலும், பாவு காலையில்தானே ஓட வேண்டும். பழைய ஜோடிகள் பழைய இடத்தில் நடந்துகொண்டுதான் இருந்தன. உத்தரவில் பாவடியைப் பற்றி ஒன்றும் இல்லை. பையன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். நாலு அடி நடந்தான். பிறகு நின்றுவிட்டான்.

“அப்ப அவ எல்லாத்தையும் படிச்சுட்டாளா?”

“பதினேழு வரைக்கும்.”

“இருவத்தொம்பது?”

இருபத்தொன்பதாம் பக்கம் இளம்பிள்ளை. அவன் அத்தை ஒருத்தி அங்கே ஒரு பெண்ணைப் பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். போய் வந்தவன் என்னிடம், அந்தப் பெண்ணும் நன்றாகத்தான் இருக்கிறாள், பட்டு நெய்கிற வீடு, கையில் காப்பி கொடுத்த விதம் நன்றாயிருந்தது, இது தட்டிப்போனால் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னான். காப்பியில் சர்க்கரை குறைவு என்பது உட்பட எழுதியிருந்தேன்.

“அதெ எதுக்கு மாமா எழுதுனீங்க?”

“நீ சொன்னே.”

“நான் உங்ககிட்டச் சொன்னனுங்க.”

இரண்டு வருஷம் என்னைக் கேலி செய்தவன், அதைக் கேலியில்லாமல் சொன்னான். அதுவரை தகப்பனாரிடமிருந்து மறைப்பதுதான் காரியமாக இருந்தது. இப்போது தகப்பனாரை அவள் பார்த்துக்கொண்டாள். அவளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், எட்டுத்தறிக்காரர் அடுத்த நிமிஷமே பேச்சை முறித்துவிடுவார். அவளுக்குக் கையில் காரணமும் கொடுத்திருந்தேன், தேதி போட்டு.

வாரத்துக்கு நாலு பக்கம் வீதம் கணக்குப் பார்த்தால் இளம்பிள்ளை வர மூன்று வாரம் ஆகும். மூன்று வாரமும் அவன் ஒழுங்காக வந்து பாவு ஓடினான். பீடியை விட்டுவிட்டான், பக்தியால் அல்ல, வாய்க்கு ருசிக்கவில்லை என்றான். அந்தத் தெரு வழியாகப் போவதையும் நிறுத்திவிட்டான். ஜன்னல் சாத்தியிருந்தால் பார்க்க வேண்டியிருக்குமே என்றான்.

ஏழாவது ஞாயிறு எட்டுத்தறிக்காரர் வந்தார், உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் மெதுவாக, “நோட்டு எதுவரைக்கும் வந்திருக்குதுங்க?” என்றேன்.

“நின்னுபோச்சு. இந்த வாரம் பூரா பொண்ணு படிக்க மாட்டேங்குது. தலவலிங்குது. இருவத்தொம்பதுல வெச்ச அடையாளம் அப்படியே இருக்குது.”

அவன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறும் அதேதான். தலைவலி. தபால்காரர் மட்டும், எதையும் கேட்காமல், எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்று, “நான் கடுதாசி குடுத்துட்டு, பிரிச்சுப் படிக்கறதெப் பாத்துட்டு நிக்க மாட்டேன். போயிருவேன்” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு எட்டுத்தறிக்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்தார். பையனை நேராகப் பார்த்தார்.

“இளம்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கப் போனயாமா.”

பொய் சொல்ல வேண்டுமா, நிஜம் சொல்ல வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

“போனனுங்க” என்றான் கடைசியில்.

“அந்தப் பொண்ணு உன்னெய வேண்டாமின்னுடுச்சாமா.”

பையனின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அதில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லத் தெளிந்தது.

“ஆமாங்க” என்றான். “வேண்டாமின்னுட்டாங்க.”

“மூஞ்சி நல்லால்லைன்னு சொல்லுச்சாமே.”

“ஆமாங்க. அப்படித்தான் சொன்னாங்க.”

“காப்பியக் குடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலியாமா.”

“பாக்கலீங்க.”

“போச்சாது, வுடு” என்று அவர் அவன் முழங்காலில் தட்டினார். “மூஞ்சியில என்ன இருக்குது.”

அன்று சாயங்காலம் அவன் அந்தத் தெரு வழியாக நாலு தடவை போனான். ஜன்னல் திறந்திருந்தது, ஆனால் யாரும் நிற்கவில்லை என்று தகவல் சொன்னான். திறந்திருந்தால் போதும் என்றேன்.

மாதக் கடைசியில் எட்டுத்தறிக்காரர் சேலத்துக்கு அறிக்கை அனுப்பினார். ஒழுக்கம், சுத்தம், நேரம் தவறாமை என்று மூன்று கட்டம் போட்ட அச்சுத்தாள். அவர் சொல்ல, மகள் எழுதியது. கட்டங்கள் போதாமல் பின்பக்கமும் நிறைந்திருந்தது. அமைப்பாளர் உடனே பதில் எழுதினார். இணைப்புக்குப் பின் வந்த அறிக்கைகளில் இதுவே சிறந்தது. இதற்கு ஆதாரமான நாற்பத்திரண்டு பக்கக் குறிப்பேட்டை மற்றக் கிளைகளுக்கு முன்மாதிரியாக ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க விரும்புகிறோம், அனுப்பி வைக்கவும்.

நான் கடிதத்தோடு எட்டுத்தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியில் இருந்தார். அவள் வாசற்படிக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டாள்.

“உங்க எழுத்து அவியளுக்குப் புரியாதுங்க சித்தப்பா. நான் நகல் எடுத்துத் தாரேன்.”

“அப்படியேவா?” என்றேன்.

“ஆமாங்க. நான் அப்பாவுக்குப் படிச்சது அப்படியே.”

கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்.

சேலத்தில் ஆண்டுக் கூட்டம். நான் பிரதிநிதியாகவும் நிருபராகவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கணீரென்ற குரலுடைய ஒருவர் நகலிலிருந்து ஒன்பது பக்கம் வாசித்தார். சேவல் மஞ்சளோடு பிழைத்தது. டென்ட் கொட்டகையில் வழி தவறிய ஒரு குழந்தையைத் தாயிடம் சேர்க்கத்தான் அவன் உள்ளே போனான். பீடி அவன் பிடித்ததல்ல; பிறர் பிடித்ததைக் கண்டு அவன் வருந்தியது. எண்ணிக்கைகளை மட்டும் அவள் மாற்றவில்லை. எட்டு பீடி எட்டாகவே இருந்தது. எல்லாம் என் நடையில், என் மணிக்கணக்கோடு இருந்ததால், ஓரிரண்டு இடத்தில் நானே எழுதினேனோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இளம்பிள்ளைப் பெண் அவனை நிராகரித்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அனுதாபக் குரல் எழுந்தது.

அமைப்பாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். அன்றைய செய்தியில், ‘கிளையொன்றின் குறிப்பேடு வாசிக்கப்பட்டது. கூடியிருந்த நூற்றுப்பத்துப் பேரும் கைதட்டினர்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாக்கியமும் உண்மை. ஆசிரியரிடமிருந்து கார்டு எதுவும் வரவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நாங்கள் எப்போதும்போல நடந்தோம். ஜில்லா சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கையெழுத்துகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. மற்ற நாட்களைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் குறிப்பு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். நோட்டு அவளிடமே இருந்தது. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் அவன் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே, நூலைப் பார்த்தபடி தொடங்கினான்.

“மாமா, நேத்துப் பொழுதோட ரெண்டு பீடிங்க. அப்பறம் அந்தக் கொட்டகைக்குப் புதுப் படம் வந்திருக்குது. பாதிதான் பாத்தனுங்க.”

“இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான்தான் இப்ப எழுதறதில்லையே.”

“தெரியுமுங்க. ஊட்ல சொல்லறதுக்கு மின்ன ஒருதடவ சொல்லிப் பாத்துக்கறனுங்க.” கொஞ்சம் யோசித்தான். “கேட்டா எப்படி இருக்குது? பாதின்னு சொன்னா நம்புவாளா?”

“முக்கால்னு சொல்லு” என்றேன்.